பன்னீர் திராட்சையின் பாட்டி: ஸ்பெயினின் இனிப்பு மொஸ்கத்தேலை வாங்கி, குளிரவைத்து, எதோடு சாப்பிடலாம்?

கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சையைத் தோலோடு கடிக்கும்போது, சாறு தொண்டைக்குள் இறங்குவதற்கு முன்பே ஒரு ரோஜா வாசனை மூக்கில் ஏறுமே, அது உங்களுக்குப் பழக்கம் என்றால் இந்த ஒயினில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். நம் பன்னீர் திராட்சைக்கு வெளியூர்ப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அதன் தாய் தகப்பனில் ஒன்று அலெக்சாந்திரியா மஸ்கட். அந்த அலெக்சாந்திரியா மஸ்கட்டைப் பெற்ற இரண்டு ரகங்களில் ஒன்று சிறுமணி மஸ்கட். மரபணுச் சோதனையில் தெரியவந்த உறவுமுறை இது. ஆக, சிறுமணி மஸ்கட் நம் பன்னீர் திராட்சைக்குப் பாட்டி. ஸ்பெயினில் இந்தப் பாட்டியை 'மொஸ்கத்தேல் தே கிரானோ மெனூதோ' என்கிறார்கள். அதைக் கொடியிலேயே வதங்கவிட்டு, ஊரெல்லாம் அறுவடை முடித்துப் படுத்த பிறகு பறித்து, பொன்னிறத்தில் ஒரு இனிப்பு ஒயின் செய்கிறார்கள். லேபிளில் 'வெந்திமியா தார்தியா' என்று இருக்கும், அதாவது தாமத அறுவடை.

ஒயின் பக்கமே போகாதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டாம். எப்போதாவது ஒரு கிளாஸ் எடுப்பவர்கள், படிப்புக்கோ வேலைக்கோ ஸ்பெயின் பக்கம் போய்க் கடை அலமாரி முன்னால் முழித்துக்கொண்டு நிற்பவர்கள், இவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நானும் அப்படி முழித்தவன்தான். முதல் பாட்டிலை ஒரு பிறந்தநாளுக்கு வாங்கிப் போய், எல்லாரும் சாக்லேட் கேக்கை வாயில் அடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் பெருமையாகத் திறந்து ஊற்றினேன். எலுமிச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறதே என்றார்கள். குடித்துப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது! மறுநாள் மிச்சத்தைத் தனியாக, ஒரு துண்டு ஆட்டுப்பால் சீஸோடு குடித்தபோதுதான் தப்பு ஒயினில் இல்லை என்று புரிந்தது. அன்றிலிருந்து நான் சொல்லிக்கொண்டிருப்பது ஒன்றுதான்: இனிப்பு ஒயினை முதலில் உப்போடு சாப்பிட்டுப் பாருங்கள், இனிப்புப் பலகாரத்தோடு சேர்ப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில், இது எப்படி இனிப்பாகிறது

இதைத் தெரிந்துகொண்டால் கடையில் ஏமாற மாட்டீர்கள், அதனால் கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன்.

ஸ்பெயினின் வடக்கே நவார்ரா. அதன் மேல்பாதி பிரனீஸ் மலை, பச்சை, மழை. கீழே வரவர காய்ந்துகொண்டே போகும், எப்ரோ ஆற்றுப் பக்கம் வந்தால் கிட்டத்தட்ட வறண்ட பூமி. அந்தத் தெற்குக் கோடியில் கொரேயா என்று ஒரு சிற்றூர், மொஸ்கத்தேலுக்குப் பேர்போனது. செப்டம்பரிலேயே மற்ற திராட்சைகளைப் பறித்து முடித்துவிடுவார்கள். இதை மட்டும் அக்டோபர், நவம்பர் வரைக்கும் கொடியில் விட்டுவைப்பார்கள். இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருக்கும்போது குலை மட்டும் தொங்கும். கிட்டப்போய்ப் பார்த்தால் அழகாகவே இருக்காது: ஒரே குலையில் சில மணி பழுப்பேறிச் சுருங்கியிருக்கும், சில மணி பாதி உலர்திராட்சை ஆகியிருக்கும், சிலதின் மேல் சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்திருக்கும்.

அந்தப் பூஞ்சைக்குப் பெயர் போட்ரிடிஸ். மழை விடாமல் பெய்தால் இதே பூஞ்சை குலையை அழுகடித்து நாசம் செய்துவிடும். காலையில் ஆற்றோரப் பனிமூட்டம், மதியம் வெயில், கூடவே எப்ரோ பள்ளத்தாக்கில் வீசும் 'சியெர்சோ' என்கிற வறண்ட வடமேற்குக் காற்று என்று அமைந்துவிட்டால் மட்டும் அது தோலில் நுண்ணிய ஓட்டை போட்டு உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியேற்றுவதோடு நின்றுகொள்ளும். தண்ணீர் போய்விடும், சர்க்கரை, புளிப்பு, வாசனை மூன்றும் உள்ளே சுண்டி நிற்கும். எல்லா வருடமும் பூஞ்சை பிடிப்பதில்லை, அந்த வருடங்களில் வெறும் காற்றும் வெயிலும் வற்றவைப்பதே வேலையை முடித்துவிடும். தயாரான மணியை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிக்க வேண்டும் என்பதால் ஒரே தோட்டத்துக்குள் திரும்பத் திரும்பப் போவார்கள்.

இப்படிப்பட்ட பழத்தைப் பிழிந்தால் கொஞ்சம்தான் சாறு வரும், அதுவும் தேன் மாதிரி கெட்டியாக. நொதிக்க விட்டால் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹால் ஆக்கும். ஆனால் இவ்வளவு சர்க்கரையில் அதற்கே மூச்சு முட்டிவிடும். அல்லது தயாரிப்பவரே குளிரவைத்து நிறுத்திவிடுவார். ஆல்கஹால் 12, 13 சதவீதத்தில் நிற்கும், மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். வெளியிலிருந்து சர்க்கரையும் சேர்ப்பதில்லை, சாராயமும் சேர்ப்பதில்லை. அரை பாட்டிலுக்கு ஏன் இந்த விலை என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். இத்தனை நாள் பழத்தைக் கொடியில் தொங்கவிட்டு, பறவைக்கும் மழைக்கும் ஒரு பங்கு கொடுத்தது போக மிஞ்சியதைத்தான் புட்டியில் அடைத்திருக்கிறார்கள்.

1980களுக்கு முன் நவார்ராவில் இந்தச் சிறுமணி ரகம் மெல்ல மறைந்துகொண்டிருந்தது. அதை மீட்டுக் கொண்டுவந்ததில் ஒலீத்தே ஊரிலிருக்கிற ஒச்சோவா, அப்புறம் சிவீத்தே போன்ற குடும்ப நிறுவனங்களுக்குப் பங்கு உண்டு. சிவீத்தே குடும்பம் 1860இல் பிரான்சுக்கு ஒயின் அனுப்பத் தொடங்கியது. அதன் 125ஆம் ஆண்டு நினைவாக 'கொலெக்சியோன் 125' என்று ஒரு வரிசை கொண்டுவந்தார்கள். அதில் வரும் தாமத அறுவடை மொஸ்கத்தேல் ஓக் பீப்பாயில் நொதித்தது, ஸ்பெயினின் இனிப்பு வெள்ளை ஒயின்களைப் பற்றி யார் பேசினாலும் அதன் பெயர் வந்துவிடும். விலையும் அதற்கேற்றபடிதான், முதல் பாட்டிலாக அதை வாங்காதீர்கள்.

கடையில் நிற்கும்போது

லேபிளில் மூன்று விஷயம் பார்த்தால் போதும்.

முதலாவது ஆல்கஹால் சதவீதம். 15க்கு மேல் இருந்து, 'வினோ தே லிகோர்' என்றோ 'மிஸ்தேலா' என்றோ எழுதியிருந்தால் அது சாராயம் சேர்த்து நொதித்தலைத் தடுத்த வகை. மிஸ்தேலா என்பது நொதிக்காத திராட்சைச் சாறில் நேராகவே சாராயத்தைக் கலப்பது. அதுவும் நல்லதுதான், மலிவும்கூட, ஆனால் நாம் தேடுவது அது கிடையாது. அதில் தொண்டை சுடும், இதில் சுடாது.

இரண்டாவது 'துல்செ' என்ற சொல். இனிப்பு என்று பொருள். ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 45 கிராம் சர்க்கரையாவது இருந்தால்தான் அப்படிப் போட முடியும். தாமத அறுவடையில் பெரும்பாலும் 100 கிராமுக்கு மேல்தான் இருக்கும், சிலதில் 150ஐயும் தாண்டும். 'செமிதுல்செ' என்று இருந்தால் 12 முதல் 45 வரைக்கும், அதாவது பாதி இனிப்பு. அதை ஒதுக்க வேண்டாம், அதற்கு ஒரு வேலை பின்னால் இருக்கிறது.

மூன்றாவது திராட்சையும் ஊரும். தெற்கே மாலகா பக்கத்து ஒயின் கிடைத்தால் தாராளமாக எடுங்கள். ஆனால் அது வேறு ஆள் என்று தெரிந்துகொண்டு எடுங்கள். அங்கே இருப்பது பெருமணி, அதாவது அலெக்சாந்திரியா மொஸ்கத்தேல், நம் பன்னீர் திராட்சைக்கு நேரடிப் பெற்றோர். மாலகாவுக்குக் கிழக்கே அக்சார்கீயா என்கிற மலைப்பகுதியில் ஸ்லேட் பாறைச் சரிவுகளில் வளர்கிறது. சரிவு செங்குத்தானது, டிராக்டர் ஏறாது, இன்றைக்கும் பல இடங்களில் கோவேறு கழுதைதான் பழத்தைச் சுமக்கிறது. பறித்த குலைகளை 'பாசெரோ' என்கிற சாய்வான தரைப்பாத்திகளில் பரப்பி வெயிலில் காயவைப்பார்கள், பொழுது சாய்ந்தால் பனி படாமல் துணி இழுத்து மூடுவார்கள், ஒரு பக்கம் காய்ந்ததும் ஒவ்வொரு குலையாகத் திருப்பிப் போடுவார்கள். வற்றல் போட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இப்படிக் காயவைத்தோ கொடியிலேயே முற்றவைத்தோ, சாராயம் சேர்க்காமல் செய்ததென்றால் அங்கே 'வினோ நாத்துரால்மெந்தே துல்செ' என்று லேபிளில் போடுவார்கள். அந்தச் சொற்றொடரைத் தேடுங்கள். 1878இல் ஃபில்லாக்சரா பூச்சி ஸ்பெயினுக்குள் முதலில் நுழைந்து அழித்தது இந்த மாலகாத் தோட்டங்களைத்தான். உலகப் புகழ் பெற்றிருந்த அந்த இனிப்பு ஒயின் அதற்கப்புறம் நூறு வருடத்துக்கு மேல் படுத்தே கிடந்து, 1990களின் கடைசியில்தான் எழுந்து உட்கார்ந்தது.

பெத்ரோ ஹிமெனெஸ் என்ற பெயரைப் பார்த்து வெள்ளைத் திராட்சைதானே என்று எடுத்துவிடாதீர்கள். திராட்சை வெள்ளைதான், ஆனால் வெயிலில் காயவைத்து, சாராயம் சேர்த்து, வருடக்கணக்கில் பீப்பாயில் வைத்தபிறகு வருவது கருப்பட்டிப் பாகு நிறத்தில், கிளாஸில் ஒட்டிக்கொண்டு வழியும் ஒரு திரவம். எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்தக் கட்டுரையில் சொல்கிற சேர்க்கைகள் பெரும்பாலும் அதற்குப் பொருந்தாது.

முழு பாட்டில் வேண்டாம். 375 மில்லி அரை பாட்டிலோ 500 மில்லியோ போதும், இந்த வகை பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. ஸ்பெயினில் பத்து யூரோவுக்கும் இருபது யூரோவுக்கும் நடுவிலேயே நல்லது நிறைய இருக்கிறது. இந்தியாவுக்கு எடுத்துவருபவர்கள் ஒரு கணக்குப் போடுங்கள்: சுங்கத்தில் ஒரு ஆளுக்கு 2 லிட்டர் வரைக்கும் அனுமதி, 375 மில்லி என்றால் ஐந்து பாட்டில் அதற்குள் அடங்கிவிடும். செக்-இன் பெட்டியில், துணிக்கு நடுவில்.

குளிர், கிளாஸ், அளவு

ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரம் வையுங்கள், குடிக்கப் பத்து நிமிடம் முன்னால் வெளியே எடுங்கள். 8 டிகிரி பக்கம் இருந்தால் சரி. ரொம்பச் சில்லென்றால் வாசனை எழும்பாது, சூடாகிவிட்டால் பாகு மாதிரி திகட்டும். அவசரம் என்றால் ஒரு வாளியில் ஐஸும் தண்ணீரும் கலந்து, கைப்பிடி உப்பு போட்டு, பாட்டிலைக் கழுத்தளவு முக்கி வையுங்கள், இருபது நிமிடத்தில் தயார். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் நேரம் பிடிக்கும், தண்ணீர் இருந்தால்தான் குளிர் பாட்டில் முழுக்கத் தொடும். ஃப்ரீசரில் வைத்துவிட்டு மறந்துபோகிற ஆள் என்றால் அந்த வேலையே வேண்டாம்.

அடியில் கண்ணாடித்தூள் மாதிரி ஏதாவது மின்னினால் பயப்படாதீர்கள். குளிரில் ஒயினின் அமிலம் உப்பாகப் படிந்து வரும் படிகம்தான் அது. கடைசி ஒரு வாயை கிளாஸில் விட்டுவிட்டால் முடிந்தது.

இனிப்பு ஒயினுக்கென்று விரல் அளவில் ஒரு குட்டிக் கிளாஸ் கொடுப்பார்கள், அதை நம்பாதீர்கள். அதில் மூக்கு நுழையாது. சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸில் அடியில் ஒரு 60 மில்லி மட்டும் ஊற்றிச் சுழற்றுங்கள். அரை பாட்டில் ஆறு பேருக்கு வரும். லிட்டருக்கு 150 கிராம் சர்க்கரை உள்ள ஒயின் என்றால் அந்த 60 மில்லியில் 9 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. சர்க்கரை நோய் இருப்பவர்கள் இந்தக் கணக்கை வைத்து முடிவெடுத்துக்கொள்ளலாம். கோலாவிலும் லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது, யாரும் அதைப் பாகு என்று சொல்வதில்லை. அங்கேயும் இங்கேயும் சர்க்கரையைத் தாங்கிப் பிடிப்பது புளிப்புதான்.

முதலில் வாயில் வைக்காமல் மூக்கில் வையுங்கள். பன்னீர், ஆரஞ்சுப் பூ, ஆரஞ்சுத் தோல், உலர்ந்த ஆப்ரிகாட், கொஞ்சம் தேன். பூஞ்சை பிடித்த வருடம் என்றால் தேனும் மர்மலேடும் தூக்கலாக இருக்கும், பீப்பாய் ஒயின் என்றால் வெண்ணிலா. இளம் பாட்டிலாக இருந்தும் நிறம் கரும்பழுப்பாக, வாசனை எதுவுமே இல்லாமல் மந்தமாக இருந்தால் அது எங்கேயோ வெயிலில் கிடந்து கெட்ட சரக்கு.

ஒரு தட்டில் பரீட்சை

புதிதாக வருகிற யாருக்கும் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன், பத்து நிமிட வேலை. ஒரு தட்டில் நான்கு பொருள் வையுங்கள்: உப்புப் போட்டு வறுத்த பாதாம் நாலைந்து, ஏதாவது ஒரு கெட்டியான ஆட்டுப்பால் அல்லது செம்மறிப்பால் சீஸ், ஒரு துண்டு சாக்லேட், ஒரு துண்டு பேரிக்காய். முதலில் ஒயினைத் தனியாக ஒரு வாய். அப்புறம் பாதாம், ஒயின். சீஸ், ஒயின். பேரிக்காய், ஒயின். கடைசியாகத்தான் சாக்லேட்.

பாதாமிலும் சீஸிலும் ஒயின் திடீரென்று பழச்சாறாக மலரும். பேரிக்காயில் இரண்டும் சமமாகப் போகும். சாக்லேட்டில் நான் பிறந்தநாளில் கண்ட எலுமிச்சைத் தண்ணீர் வரும். ஜிலேபியைத் தின்றுவிட்டுக் காபி குடித்தால் காபியில் சர்க்கரையே போடாத மாதிரி இருக்குமே, அதே கதைதான். நாக்கு ஒரு பெரிய இனிப்புக்குப் பழகிவிட்டால் அதைவிடச் சின்ன இனிப்பு அதற்குத் தெரியாது, புளிப்பு மட்டும்தான் மிஞ்சும். உணவு எப்போதும் ஒயினைவிட ஒரு படி இனிப்புக் குறைவாக இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து வருவதுதான். உப்போ நேர் எதிர்வேலை செய்யும். கொய்யாவில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்கிற நமக்கு அது தெரியாதா என்ன. ஸ்பெயின்காரர்கள் கோடையில் முலாம்பழத் துண்டின் மேல் உப்புப்பதம் போட்ட பன்றித்தொடை இறைச்சியை, அதுதான் ஹமோன், மெலிசாகச் சீவிப் போட்டுத் தின்பார்கள். அந்தப் பழத்தின் இடத்தில் ஒயினை வைத்தால் முடிந்தது. ஒரு தட்டு ஹமோன், ஒரு கிளாஸ் சில்லென்ற மொஸ்கத்தேல்.

சீஸ்: இதற்குத்தான் இந்த ஒயின்

தேடிப் பிடிக்கப் பொறுமை உள்ளவர்கள் ரொன்கால் சீஸில் தொடங்குங்கள். நவார்ராவின் பிரனீஸ் பள்ளத்தாக்கு ஒன்றின் பெயர் அது, செம்மறியாட்டின் காய்ச்சாத பாலில் செய்து குறைந்தது நான்கு மாதம் வைத்து முற்றவிடுவார்கள். ஸ்பெயினில் பிறப்பிடச் சான்று வாங்கிய முதல் சீஸ் இதுதான், 1981இல். லேசான காரல், கொட்டைப் பருப்பு ருசி, கடித்தால் பொடியாக உதிரும் பதம். ஒரே மாகாணத்து ஒயினும் சீஸும் ஒத்துப்போகும் என்று பொதுவாகச் சொல்வதை நான் அவ்வளவாக நம்புவதில்லை, ஆனால் இந்த ஜோடியில் அது உண்மை. கிடைக்கவில்லையா, பக்கத்துப் பாஸ்க் நாட்டு இதியசாபால், அதிலும் புகைபோட்டது, எடுங்கள். அதுவும் இல்லாவிட்டால் எந்த ஊர்க் கடையிலும் இருக்கிற முற்றிய மன்சேகோ. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டு வெட்டுங்கள், குளிர்ந்த சீஸுக்கு ருசியே கிடையாது.

அடுத்த வகுப்பு நீலச் சீஸ், அதாவது உள்ளே நீலப் பூஞ்சை படரவிட்டது. அஸ்தூரியாஸ் மலைகளின் குகைகளில் முற்றவைக்கும் கப்ராலெஸ் ஸ்பெயினின் சண்டியர். முதல் வாயிலேயே நாக்கு சுரீர் என்கும், வாசனை வீட்டுக்காரர்கள் எல்லாரையும் விசாரிக்க வைக்கும். உள்ளபடியே சொன்னால் எனக்கு அது பிடிக்க ஒரு வருடம் ஆனது. லெயோன் பக்கத்து வல்தெயோன் கொஞ்சம் சாது, அதில் தொடங்கலாம். அல்லது கப்ராலெஸையே உப்பில்லாத வெண்ணெயோடு சரிபாதி சேர்த்து முள்கரண்டியால் மசித்து, வாட்டிய ரொட்டித் துண்டில் மெலிதாகத் தடவுங்கள். மேலே பேரிக்காய்ச் சீவல் ஒன்று. ஒரு கடி கடித்து, விழுங்கும் முன்பே ஒயினை ஒரு வாய் எடுங்கள். அந்த உறைப்பு, உப்பு, ஆட்டுக்கொட்டகை வாசனை எல்லாம் ஒயினின் இனிப்பு பட்டதும் கரைந்து, கடைசியில் ஆரஞ்சுத் தோல் மணம் மட்டும் நிற்கும். இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்தால் வேண்டாம் என்பவர்கள்கூட சேர்த்துக் கொடுத்தால் இரண்டாவது துண்டு கேட்பார்கள்.

சீஸோடு ஸ்பெயினில் 'மெம்ப்ரீயோ' என்று சீமை மாதுளை, அதாவது குவின்ஸ் பழத்தின் கெட்டி அல்வா ஒன்று வைப்பார்கள். அது இருந்தால் ஒயின் வேண்டாம், ஒயின் இருந்தால் அது வேண்டாம். இரண்டும் ஒரே வேலைக்கு வந்த ஆட்கள்.

பாதாமும் பூண்டும்

ஸ்பெயினின் தெற்கே ஆண்டலூசியாவில் கோடைக்கு 'அஹோபிளாங்கோ' என்று ஒரு சில்லென்ற சூப். அக்சார்கீயாவின் அல்மாச்சர் கிராமத்தில் செப்டம்பரில் இதற்கென்றே ஒரு விழா எடுக்கிறார்கள். பார்க்க முதல் தேங்காய்ப்பால் மாதிரியே இருக்கும், அடுப்பே பற்றவைக்க வேண்டாம். தோலுரித்த பாதாம் 150 கிராம், முந்தின நாள் ரொட்டியின் உள்பகுதி 100 கிராம் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தது, நடுமுளை நீக்கிய சின்னப் பூண்டுப் பல் ஒன்று, உப்பு. இதை மிக்சியில் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரோடு விழுதாக அரையுங்கள். ஓடவிட்டபடியே ஆலிவ் எண்ணெய் 100 மில்லியை நூல் மாதிரி ஊற்றுங்கள், ஒரு மேசைக்கரண்டி ஷெர்ரி வினிகர், பிறகு இன்னும் அரை லிட்டருக்கு மேல் குளிர்ந்த தண்ணீர். வடிகட்டி ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம். பரிமாறும்போது ஒவ்வொரு கிண்ணத்திலும் நான்கைந்து மஸ்கட் திராட்சை மணிகளைப் பாதியாக நறுக்கிப் போடுவார்கள்.

ஒயினை எது சூப்போடு இணைக்கிறது என்றால் அந்தத் திராட்சைதான். முழு இனிப்பு ஒயின் இங்கே கொஞ்சம் அதிகம், பூண்டோடு முட்டிக்கொள்ளும். ஒதுக்க வேண்டாம் என்று சொன்ன செமிதுல்செ மொஸ்கத்தேலை இப்போது எடுங்கள். வினிகரில் மட்டும் கை நீண்டுவிட வேண்டாம்.

காரத்துக்கும் இது ஆகும். கலீசியாவின் பத்ரோன் மிளகாய் தெரியுமா, குட்டிப் பச்சை மிளகாய், எண்ணெயில் பொரித்துக் கல்லுப்பு தூவித் தருவார்கள், பத்தில் ஒன்று மட்டும் எப்போதாவது காரமாக மாட்டும். அந்த ஒன்று மாட்டும்போது சில்லென்ற இனிப்பு ஒயின் கையில் இருந்தால் நல்லது. ஆல்கஹால் கூடக்கூடக் காந்தல் கூடும், அதனால் இதற்கு 12 சதவீதத்துப் பாட்டிலாகப் பாருங்கள். ஆனால் ஊறுகாய் வகை எதோடும் சேர்க்காதீர்கள்.

வாத்து ஈரல், ஃபுவா, இந்த ஒயினுக்குப் பழைய ஜோடி; நவார்ராவிலும் செய்கிறார்கள். வாத்தை வளர்க்கும் விதம் எனக்கு ஒப்பவில்லை, அதனால் நான் கோழி ஈரலை வெண்ணெயில் வதக்கி மிளகு தட்டி அரைத்துக்கொள்கிறேன், அதிலும் குறை ஒன்றும் தெரியவில்லை.

இனிப்போடு சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால்

சரி, எல்லாரும் கடைசியில் இங்கேதான் வருவார்கள். இனிப்புக் குறைந்த பலகாரமாகத் தேர்ந்தெடுங்கள். சான் செபாஸ்தியானின் மேல் கருகிய சீஸ் கேக் எனக்கு முதலிடம்: உள்ளே இளகல், மேலே கருகலின் லேசான கசப்பு, அந்தக் கசப்பு ஒயினின் இனிப்பைக் கையில் பிடித்துக்கொள்ளும். அடுத்து கலீசியாவின் தார்தா தே சாந்தியாகோ, மாவே இல்லாமல் பாதாம் பொடி, முட்டை, சர்க்கரை, எலுமிச்சைத் தோல் சேர்த்துச் சுடுவது. வீட்டில் செய்கிறீர்கள் என்றால் சர்க்கரையில் கால்பங்கு குறைத்துவிட்டு மேலே தூவும் சர்க்கரைப் பொடியையும் விட்டுவிடுங்கள். நவார்ரா மலைப்பக்கத்துக் குவஹாதா, செம்மறிப்பாலை உறையவைத்தது, கிட்டத்தட்ட நம் கெட்டித் தயிர், அதன்மேல் தேன் ஊற்றித் தருவார்கள். தேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்த இடத்தில் ஒயினைக் குடியுங்கள். ஈஸ்டர் வாரத்தில் கடை முழுக்க இருக்கும் தொர்ரிஹாஸ், பாலில் ஊறவைத்துப் பொரித்த ரொட்டி, பாகில் முக்காததாக இருந்தால் சரி.

ஹிஹோனா துர்ரோன் என்கிற பாதாம் தேன் மிட்டாயோடு கிறிஸ்துமஸ் சமயத்தில் சில வீடுகளில் இந்த ஒயினைத் திறப்பார்கள். எனக்கு அது திகட்டல், இரண்டு இனிப்பும் ஒன்றையொன்று கொன்றுவிடுகின்றன. வேறு வழியில்லை என்றால் துர்ரோன் மேல் இரண்டு கல் உப்பு வைத்துத் தின்று பாருங்கள், விருந்து கொடுத்தவர் பார்க்காதபோது.

மிஞ்சியதை என்ன செய்வது

சர்க்கரையும் புளிப்பும் இருப்பதால் திறந்த பாட்டில் சீக்கிரம் கெடாது. கார்க்கை அழுத்திச் செருகி ஃப்ரிட்ஜில் நிற்கவைத்தால் ஒரு வாரம் நிச்சயம், பத்து நாள்கூடத் தாங்கும், ஆனால் பன்னீர் வாசனை மூன்றாம் நாளிலிருந்தே இறங்கத் தொடங்கும். திறக்காத பாட்டிலில் சாதாரண இளம் மொஸ்கத்தேலை இரண்டு மூன்று வருடத்துக்குள் குடித்துவிடுங்கள், அதன் அழகே புத்துணர்ச்சிதான். பீப்பாயில் நொதித்ததைப் பத்து வருடம்கூட வைக்கலாம், நிறம் அடர்ந்து, பூவாசனை போய், தேனும் வால்நட்டும் வரும். எங்கள் ஊர் வெயிலில் அலமாரியில் வைத்தால் எதுவும் நிற்காது, வைப்பதென்றால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுதான்.

அடியில் நாலு ஸ்பூன் மட்டும் மிஞ்சி, யாரும் சீண்டாமல் இருந்தால் கொட்டிவிடாதீர்கள். ஒரு கைப்பிடி உலர்திராட்சையைக் கிண்ணத்தில் போட்டு அதன்மேல் ஊற்றி ஒரு ராத்திரி மூடி வையுங்கள். ஸ்பெயினின் ஐஸ்கிரீம் கடைகளில் 'மாலகா' என்று கேட்டால் இப்படி மாலகா ஒயினில் ஊறிய உலர்திராட்சை போட்டதைத்தான் தருவார்கள். காலையில் பார்த்தால் மணிகள் உப்பி, ஒயின் ஒரு சொட்டு இல்லாமல் உள்ளே போயிருக்கும். சாதாரண வெண்ணிலா ஐஸ்கிரீம் மேல் போட்டுச் சாப்பிடுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல்.